கிரீன் டீ கொலஸ்ட்ராலை எவ்வளவு குறைக்கும்? மதுரை வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வைகாசியில் என் பெரியப்பா மகன் வீட்டுக்கு வந்திருந்தார். தெப்பக்குளத்துப் பக்கம் வீடு, 56 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. உட்கார்ந்ததும் முதல் பேச்சே இதுதான்: "கொலஸ்ட்ரால் மாத்திரையெல்லாம் விட்டாச்சு பாப்பா. மூணு மாசமா கிரீன் டீதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்ப்பவள் நான். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் 104 இருந்த எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 171 ஆகியிருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார்: "அப்ப இந்த டீயெல்லாம் பொய்யா?"

பொய் இல்லை. கிரீன் டீ கொலஸ்ட்ராலைக் குறைக்கத்தான் செய்கிறது, பல நாடுகளில் ஆளை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு குறைக்கும் என்பதை எண்ணாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த எண் தெரிந்திருந்தால் மாத்திரையை விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவருக்கு விளக்கியதையெல்லாம் வரிசையாக இங்கே எழுதுகிறேன். நீங்களும் கிரீன் டீ ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் இதே வரிசையில் போங்கள்.

முதல் படி: டீ வாங்கும் முன் ரிப்போர்ட்டை வாங்குங்கள்

எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எதைக் குடித்தாலும் பலன் தெரியாது. லிப்பிட் புரொஃபைல் என்று கேட்டால் எல்லாப் பரிசோதனைக் கூடத்திலும் எடுப்பார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, காலை ஏழு எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் போங்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். "ஒரு வாய் காப்பிதான் குடிச்சேன்" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பி அனுப்பியே எனக்கு அலுத்துவிட்டது.

ரிப்போர்ட்டில் நான்கு எண் முக்கியம். மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். என்பது நல்ல கொலஸ்ட்ரால், ஆண்களுக்கு 40க்கு மேல், பெண்களுக்கு 50க்கு மேல் இருக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு, 150க்குள். எல்.டி.எல். 100க்குள் இருந்தால் நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர் என்றால் டாக்டர் இதைவிடக் கீழே ஒரு எண் சொல்வார். இவை எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

பல கூடங்களில் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழிக்க வேண்டும், ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். அண்ணனுக்கு மொத்தம் 263, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 270. ஐந்தால் வகுத்தால் 54. 263லிருந்து 38ம் 54ம் போனால் 171. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது, எல்.டி.எல்.லைத் தனியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

ட்ரைகிளிசரைடைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடுத்த ரத்தத்தை உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், சீரம் மேலே நிற்கும். நல்ல சீரம் தெளிந்த நல்லெண்ணெய் நிறத்தில் இருக்கும். அறுநூறு, எழுநூறு தாண்டியவர்களின் குழாயில் மேலே நிற்பது மோர் மாதிரி வெள்ளையாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரியாது. முதல் நாள் ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, போதிய நேரம் விடாமல் வருகிறவர்களின் சீரமும் கலங்கித்தான் இருக்கும். அண்ணனுடைய குழாயை அவர் கண்ணெதிரேயே தூக்கிக் காட்டினேன். லேசான கலங்கல்தான். அதைப் பார்த்த பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது.

இரண்டாம் படி: எவ்வளவு குறையும் என்ற எண்ணை மனதில் வையுங்கள்

2011ல், அதுவரை நடந்திருந்த 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,136 பேர். கிரீன் டீயோ அதன் சாறோ எடுத்தவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக 7 மில்லிகிராம் குறைந்தது, எல்.டி.எல். 2 மில்லிகிராம். 2020ல் இன்னும் பெரிதாக, 31 ஆய்வுகள், 3,321 பேர். இதில் மொத்தத்திலும் எல்.டி.எல்.லிலும் நாலரை மில்லிகிராம் சுமாருக்குக் குறைந்தது. இரண்டு தொகுப்பிலும் எச்.டி.எல். அசையவில்லை. நல்ல கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

ஆக, கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் ஐந்து. 171 இருந்தால் 166 ஆகலாம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இந்த வாரம் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்தால், எதையுமே மாற்றாவிட்டாலும் கொலஸ்ட்ரால் ஐந்து முதல் பத்து சதவீதம் ஏறி இறங்கும். உடம்பின் இயல்பு அது. 171 உள்ளவருக்கு அந்த ஏற்ற இறக்கமே எட்டிலிருந்து பதினேழு வரை வந்துவிடும். கிரீன் டீயால் குறையும் ஐந்து அதற்குள் காணாமல் போய்விடும். ஆயிரக்கணக்கான பேரின் சராசரியில்தான் அது தெரியும். "கிரீன் டீ குடிச்சு 20 குறைஞ்சுது" என்று யாராவது சொன்னால், அவர் வேறு என்னென்ன மாற்றினார் என்று கேளுங்கள். வடையை விட்டிருப்பார், நடக்க ஆரம்பித்திருப்பார்.

மாத்திரையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் எல்.டி.எல்.லை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். 171ல் முப்பது சதவீதம் என்றாலே 51. அது ஐம்பத்தொன்று, இது ஐந்து. கிரீன் டீக்குப் பேர்போன ஜப்பானில்தான் ஸ்டாட்டினும் பிறந்தது. 1970களில் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். பரம்பரையாக டீ குடிக்கும் நாட்டில் இருந்துகொண்டு அவர் ஏன் பூஞ்சைக்குப் போனார் என்று யோசித்தால் போதும்.

அதே ஜப்பானிலிருந்து 2006ல் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிரீன் டீ பற்றிய பெரிய வாக்குறுதிகள் பலவும் அதிலிருந்து கிளம்பியவை. 40,530 பேரை 11 வருடம் வரை கவனித்தார்கள். நாளைக்கு ஐந்து கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களில், ஒரு கப்பும் நிறையக் குடிக்காதவர்களைவிட, இதய ரத்தநாள நோயால் இறந்தவர்கள் குறைவு. ஆண்களில் 22 சதவீதமும் பெண்களில் 31 சதவீதமும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அது கவனித்து எழுதிய ஆய்வு, டீயைக் கொடுத்துச் சோதித்தது கிடையாது. ஐந்து கப் டீ குடிக்கிறவர் மீனும் காய்கறியும் அதிகம் சாப்பிடுகிறவராக இருந்திருக்கலாம். அந்த ஊர் கப் 100 மில்லிதான் என்பதையும் கவனியுங்கள். அவர்களின் ஐந்து கப் நம் வீட்டு 200 மில்லி டம்ளருக்கு இரண்டரைதான்.

மூன்றாம் படி: அது உள்ளே என்ன செய்கிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தேயிலையில் கேட்டச்சின் என்ற பொருள்கள் உண்டு. நாக்கில் துவர்ப்பது அதுதான். அதில் முக்கியமானதை ஈ.ஜி.சி.ஜி. என்பார்கள். சாப்பாட்டுக் கொழுப்பு குடலில் பித்தநீரோடு கலந்து மிகச் சின்ன உருண்டைகளாகித்தான் உடம்புக்குள் போகும். கொலஸ்ட்ராலும் அந்த உருண்டையில் ஏறித்தான் போகிறது. கேட்டச்சின் அந்த ஏற்றத்தைக் கெடுக்கிறது, கொஞ்சம் கொலஸ்ட்ரால் உள்ளே போகாமல் மலத்தோடு வெளியேறுகிறது. ஈரலில் எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளையும் அது கொஞ்சம் கூட்டுவதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன.

விளைவு ஏன் சின்னதாக இருக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, நம் உடம்பே தயாரிப்பது. குடலில் தடுப்பதால் ஓரளவுதான் முடியும். ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்பிலேயே கை வைக்கிறது.

நான்காம் படி: எந்த டீ வாங்குவது

பச்சைத் தேயிலைக்கும் நாம் கடையில் குடிக்கும் டீத்தூளுக்கும் செடி ஒன்றுதான். பறித்த கொழுந்தை உடனே ஆவியில் காட்டியோ சட்டியில் வறுத்தோ காயவைத்தால் நிறம் மாறாமல் பச்சையாக நிற்கும். அதை நசுக்கி, காற்றுப்பட விட்டு, கறுக்கவைத்தால் நம் சாதாரண டீ. கறுக்கும்போது கேட்டச்சினில் பெரும்பகுதி வேறு பொருள்களாக மாறிவிடும்.

மாறினாலும் வீணாகவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2013ல் வெளியிட்ட தொகுப்பில் 11 ஆய்வுகளை அலசினார்கள். அதில் கிரீன் டீ, கறுப்பு டீ இரண்டுமே எல்.டி.எல்.லைக் குறைத்தன. கிரீன் டீயின் பச்சை வாசம் பிடிக்கவில்லை என்றால் கஷ்டப்பட்டுக் குடிக்க வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத வரட்டீ உங்களுக்குப் போதும்.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல தேயிலை இருக்கிறது. சின்னமனூரிலிருந்து மேலே ஏறினால் மேகமலை, போடியிலிருந்து ஏறினால் மூணாறு, கொஞ்சம் தூரம் போனால் குன்னூர், கோத்தகிரி. சுற்றுலா போகிறவர்களிடம் சொல்லி வாங்கலாம். வாங்கும்போது இலையைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். அறுத்த புல் மாதிரி, லேசாக வறுத்த வாசம் வர வேண்டும். பழைய வைக்கோல் வாசம் வந்தால் நாள்பட்டது. நம் ஊர் வெயிலுக்குக் கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி அலமாரிக்குள் வையுங்கள். பை டீயும் பரவாயில்லை, இலையைவிடச் செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இரண்டு பொருளை மட்டும் தொடாதீர்கள். ஒன்று, உடம்பு இளைக்கும் டீ என்று விற்பது. அதில் பலவற்றில் நிலவாகை இருக்கும். நம் தென்மாவட்டங்களில் விளைந்து, திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போகிற அதே பேதி இலை. வயிறு போகும், எடை குறைந்த மாதிரி தெரியும், கொலஸ்ட்ரால் இருந்த இடத்தில் இருக்கும். இன்னொன்று, கிரீன் டீ மாத்திரை, கேப்சூல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் ஆராய்ந்து, நாளைக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. அளவுக்கு இப்படிச் சாறாக எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறி ரத்தத்தில் தெரிந்ததாகச் சொன்னது. கப்பில் போட்டுக் குடிக்கும் டீக்கு அந்த அளவு பயம் தேவையில்லை. கேப்சூல் என்றால் எனக்குச் சம்மதமே இல்லை.

ஐந்தாம் படி: போடும் பக்குவம்

பாதிப் பேர் கிரீன் டீயை ஒரு வாரத்தில் விட்டுவிடுவதற்குக் காரணம் கசப்பு. கசப்புக்குக் காரணம், நாம் டீயைக் கொதிக்கவைத்தே பழகியவர்கள்.

முதலில் தண்ணீர். மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து கூடிய தண்ணீரில் கேட்டச்சின் குறைவாகத்தான் இறங்கும், டீயும் மங்கிக் கறுத்துப்போகும், மேலே ஒரு ஆடை படியும். உங்கள் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் டீக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரை, அதாவது 200 மில்லியை, நன்றாகக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். இப்போது ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, காப்பி ஆற்றுகிற மாதிரியே, இரண்டு மூன்று ஆற்று ஆற்றுங்கள். வெறும் தண்ணீரை ஆற்றுவது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் வெப்பமானி இல்லாத வீட்டில் 80 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆற்றிய தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் இலை போடுங்கள், இரண்டு கிராம் இருக்கும். தட்டுப் போட்டு மூடி மூன்று நிமிடம். இலை சுருள் விரிந்து அடியில் இறங்கும். தண்ணீர் இளம் மஞ்சளாக, பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் நிறத்துக்கு வரும். வடிகட்டிவிடுங்கள். அதே இலையில் இன்னொரு முறையும் போடலாம், இரண்டாவதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக.

கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சத்தெல்லாம் செத்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். சூடு கூடினால் கேட்டச்சின் இன்னும் அதிகமாகத்தான் இறங்கும், கூடவே கசப்பும் இறங்கும். தினமும் குடிக்க முடிகிற ருசி வேண்டும் என்பதற்காகத்தான் இந்த 80 டிகிரி.

எலுமிச்சை நாலைந்து சொட்டு விடலாம். புளிப்பு சேர்ந்தால் கேட்டச்சின் குடல் வரைக்கும் சிதையாமல் போவது கூடுகிறது என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். தேனை விடாதீர்கள். அண்ணன் ஒரு கப்புக்கு இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக் குடித்திருக்கிறார், மருந்து என்று நினைத்து. தேனும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான், ட்ரைகிளிசரைடை ஏற்றும். பாலையும் சேர்க்காதீர்கள், பாலின் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: எப்போது, எத்தனை, யாருக்கு வேண்டாம்

நாளைக்கு இரண்டு அல்லது மூன்று டம்ளர். காலை பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெறும் வயிற்றில் குடித்தால் பலருக்குக் குமட்டும், நெஞ்செரியும். இதிலும் காஃபின் உண்டு, காப்பியைவிடக் குறைவு. தூக்கம் பிடிக்காதவர்கள் ஆறு மணிக்கு மேல் தொடாதீர்கள்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதை விட்டுவிடுங்கள், குறிப்பாகப் பெண்கள். டீயின் துவர்ப்பு, கீரையிலும் பயற்றிலும் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று எங்கள் கூடத்துக்கு வருகிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொண்டால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். இரும்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை போட்ட உடனேயும் வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள், கிரீன் டீயைத் திடீரென அதிகமாக ஆரம்பிக்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. நாடோலால் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை ரத்தத்தில் சேரும் அளவை கிரீன் டீ சுமார் 85 சதவீதம் குறைத்ததாக 2014ல் ஜப்பானில் சோதித்துக் காட்டினார்கள். சில ஸ்டாட்டின்களின் அளவையும் அது கொஞ்சம் குறைக்கிறது. அதனால் கொலஸ்ட்ரால் மாத்திரையை இரவில் போடுங்கள், டீயைப் பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது "கிரீன் டீ குடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிறீர்கள்

என்னைக் கேட்டால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

அண்ணனோடு ஒருநாள் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். இரண்டு சுற்று முடித்ததும் வழக்கமான கடையில் நின்றார். பையிலிருந்து கிரீன் டீ பையை எடுத்து, மாஸ்டரிடம் வெந்நீர் வாங்கி முக்கினார். அது ஊறுகிற நேரத்தில் தட்டிலிருந்து ஒரு உளுந்த வடையை எடுத்துப் பேப்பரில் வைத்து அழுத்தினார். பேப்பரில் எண்ணெய் பரவிப் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வடையும் வந்துவிட்டது. "என்னண்ணே இது?" என்றேன். "கொழுப்பைத்தான் டீ கரைச்சிருமே பாப்பா" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார்.

டீ எதையும் கரைக்காது. குடலில் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. நாள் முழுக்கப் பலமுறை காய்ந்த பாமாயிலில் ஏறக்குறைய பாதி, எல்.டி.எல்.லை ஏற்றும் வகைக் கொழுப்பு. கிரீன் டீ இறக்குகிற ஐந்தை வடை ஏற்றிவிடும்.

இப்போது பால் டீயைக் கணக்கிடுவோம். கடை டீ ஒன்றில் சர்க்கரை இரண்டு ஸ்பூன், பத்து கிராம் என்று வையுங்கள். சர்க்கரை நோய் இல்லாத நம் ஆட்களில் பலர் நாளைக்கு நாலு டீ குடிக்கிறார்கள், ஆக 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒவ்வொரு டீக்கும் பால் கொழுப்பு தனி, வடையோ பஜ்ஜியோ பிஸ்கட்டோ தனி. இந்த நாலில் மூன்றைச் சர்க்கரை இல்லாத கிரீன் டீயாக மாற்றிப் பாருங்கள். ட்ரைகிளிசரைடு இறங்கும், இடுப்பு குறையும். நம் மக்களுக்கு ட்ரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்து இருப்பதுதான் அதிகம் காணும் சிக்கல் என்பதால், இந்த மாற்றம் கேட்டச்சின் செய்வதைவிடப் பெரிய வேலை. கிரீன் டீயைக் கூடுதலாகச் சேர்த்தவர்களுக்குப் பலன் தெரிவதில்லை. ஒன்றை விட்டுவிட்டு அந்த இடத்தில் வைத்தவர்களுக்குத் தெரிகிறது. ரிப்போர்ட் ரிப்போர்ட்டாகப் பார்த்துச் சொல்கிறேன்.

காப்பிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காப்பிக்கொட்டையின் எண்ணெயில் காஃபெஸ்டால் என்று ஒரு பொருள் உண்டு, அது கொலஸ்ட்ராலை ஏற்றும். காகிதத்தில் வடிகட்டினால் காகிதம் அதைப் பிடித்துக்கொள்ளும். நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. நாளைக்கு ஒரு டம்ளர் காப்பிக்குக் கவலைப்பட வேண்டாம், நாலைந்து என்றால் இரண்டைக் கிரீன் டீ ஆக்கலாம்.

அடுத்தது சுண்டல். கோயில் பிரசாதமாகவும் கொலுவுக்கும் மட்டும் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோமே, அதேதான். 2014ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் 130 கிராம் வெந்த பயறு வகை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். ஐந்து சதவீதம் குறைந்தது. கணக்கில் ஆறரை மில்லிகிராம். அதாவது ஒரு கிண்ணம் சுண்டல் கிரீன் டீயைவிடக் கொஞ்சம் கூடவே வேலை செய்கிறது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு எதுவானாலும் சரி, தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய், தேங்காய் கொஞ்சமாக. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அரை மணி ஒரு மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் கிரீன் டீ. வடை இருந்த இடத்தில் இது உட்கார்ந்துவிட்டால் சாயங்காலப் பசி பிரச்சினை தீர்ந்தது.

பரோட்டாவைப் பற்றி மதுரையில் எழுதாமல் முடியாது. மைதாவும் எண்ணெயும் டால்டாவும் சேர்ந்த பண்டம். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும், இரண்டு பக்கமும் அடி. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இருப்பதால் நிலைமை முன்னைவிட நல்லது. பரோட்டாவை அடியோடு விடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அண்ணனிடம் வாரம் மூன்று நாளை மாதம் இரண்டு நாளாக்கச் சொன்னேன், சால்னாவில் மிதக்கிற எண்ணெயை ஒதுக்கிவிட்டு ஊற்றச் சொன்னேன். மதினி பக்கத்தில் நின்று, "அப்படிச் சொல்லு, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றார்.

எட்டாம் படி: மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம்

பதினைந்தாம் நாளே பரிசோதனைக்கு ஓடாதீர்கள். உணவு மாற்றத்தின் பலன் ரத்தத்தில் நிலைக்க எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதே கூடம், அதே காலை நேரம், அதே வெறும் வயிறு. காய்ச்சல் வந்து படுத்து எழுந்த வாரத்தில் எடுக்காதீர்கள், எண் பொய் சொல்லும்.

எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தாலோ, வீட்டில் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தாலோ, இந்த மூன்று மாதம் காத்திருப்பதே தப்பு. டீயை வைத்துப் பார்க்கிறேன் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டாட்டின் எழுதுவதும் காரணத்தோடுதான். ரிப்போர்ட்டில் எண் நன்றாக வந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறைய. மாத்திரையால் நன்றாக வந்த எண் அது. நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அண்ணனுக்கு ஏறின மாதிரி.

டாக்டர் அண்ணனுக்குப் பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பித்தார். டீயை நிறுத்தச் சொல்லவில்லை, தேனை மட்டும் நிறுத்தச் சொன்னார். மதினி தினமும் சுண்டல் அவிக்க ஆரம்பித்தார். ஆவணி கடைசியில் எடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 92, ட்ரைகிளிசரைடு 178. முன்பு மாத்திரையோடு மட்டும் 104 இருந்தது. கீழே போன அந்தப் பன்னிரண்டில் டீக்கு எத்தனை, சுண்டலுக்கு எத்தனை, நடைக்கு எத்தனை, சும்மா ஏறி இறங்கியது எத்தனை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 171 அங்கே வந்தது மாத்திரையால் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. சீரத்தைத் தூக்கிப் பிடித்து விரலைக் காட்டினேன், ரேகை வரைக்கும் தெரிந்தது.

அடுத்த பரிசோதனை தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு வர வேண்டாம், கரிநாள் கறியும் சர்க்கரைப் பொங்கலும் அடங்கட்டும், இரண்டு வாரம் விட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப கறி தின்னலாம்ல?" என்று கேட்டார். ஒரு நாள் தின்னலாம் என்றேன்.